வெள்ளி முதல் ஞாயிறு வரை: ஒரு பள்ளி நாயகன் கடக்க வேண்டிய தூரம்

அமெரிக்காவில் 1961-ல் நிறைவேறிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி தொடங்கி டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையிலும், பள்ளி அல்லது கல்லூரிக் கால்பந்து நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவில் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால், தொழில்முறை லீகுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் சட்டச் சலுகை செல்லாது. வெள்ளி இரவு பள்ளிக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு தொழில்முறைக்கு என்று மூன்று நாளைப் பங்கு போட்டுக் கொடுத்த வழக்கத்துக்குச் சட்டமே காவல் நிற்கிறது.

இங்கே கால்பந்து என்று சொல்வது நாம் மைதானத்தில் உதைத்து ஆடும் பந்தாட்டத்தை அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தை. அந்த ஆட்டத்தில் வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே நாட்காட்டியில் இரண்டே நாள். ஒரு பையனின் வாழ்க்கையிலோ மூன்று, நான்கு ஆண்டுகள். 18 வயதில் ஊரே கொண்டாடும் ஒருவன் 22 வயதில் தொழில்முறை வீரனாவதும், யாருக்கும் நினைவில்லாதவனாவதும் அந்த ஆண்டுகளில்தான் முடிவாகின்றன.

திறமை இருப்பவன் மேலே போகிறான், ஒழுக்கம் இல்லாதவன் கீழே விழுகிறான் என்ற விளக்கம் பொதுவாகச் சொல்லப்படுவது. இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. பள்ளி நாயகனின் ஆட்டத்துக்குச் சந்தையில் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அவனுடைய உரிமைகள் அடிமட்டத்தில் இருந்தன. பல வீரர்கள் சறுக்கியது அந்த இடைவெளியில்தான். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த மார்க்கஸ் டூப்ரியின் வாழ்க்கையை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

ஏணியின் அகலம்

முதலில் எண்கள். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடுவோர் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் 100-க்கு 7 பேர் அளவில். ஓர் ஆண்டில் தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்கள் 16 ஆயிரத்துச் சொச்சம். என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீகின் வருடாந்திரத் தேர்வான டிராஃப்டில் அழைக்கப்படுகிறவர்களோ 250 பேருக்குச் சற்று மேல். தகுதி பெற்றவர்களிலேயே இது 100-க்கு 2 பேர்கூட இல்லை.

அழைப்பு வந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. லீகில் 32 அணிகள், அணிக்கு 53 இடங்கள். மொத்தம் 1,696 பேருக்குத்தான் வேலை. வீரர்கள் சங்கம் தரும் கணக்கில் ஒரு வீரரின் சராசரித் தொழில்காலம் மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டுகிறது. ஓய்வூதிய உரிமை பெற மூன்று பருவங்கள் கணக்கில் சேர வேண்டும். சராசரி வீரர் அந்தக் கோட்டைத் தொட்டதுமே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

இந்த எண்களைப் பள்ளிப் பையன்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் வளரும் சூழல் வேறு கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் நகரில் 2012-ல் ஓர் உயர்நிலைப் பள்ளிக்காகவே ஆறு கோடி டாலர் செலவில், 18 ஆயிரம் பேர் அமரும் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. பொதுமக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த கடன்பத்திரப் பணத்தில் எழுந்தது அது. வெள்ளிக்கிழமைதோறும் தன் பெயரை ஆயிரக்கணக்கானோர் கூவக் கேட்கும் 17 வயதுப் பையனிடம் 100-க்கு 7 என்ற எண் எடுபடுவதில்லை.

பிலடெல்பியா என்ற சிற்றூர்

டூப்ரி பிறந்தது பெரிய பிலடெல்பியாவில் அல்ல. மிசிசிப்பியில் நெஷோபா மாவட்டத்தின் தலைநகரான சிறிய பிலடெல்பியாவில், 1964 மே 22-ல். அவர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூன் 21 இரவு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் அந்த மாவட்டத்தில் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 4-ல் ஒரு மண் அணைக்குள்ளிருந்து அவர்களுடைய உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அதன் பிறகு உலகம் அந்த ஊரின் பெயரை இந்தக் கொலைகளோடு சேர்த்தே நினைவில் வைத்தது.

கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைத்திருந்த மிசிசிப்பி மாவட்டங்கள் உடனே அதைக் கைவிட வேண்டும் என்று 1969 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் வயதில் இருந்தார் டூப்ரி. பள்ளிப் படிப்பு முழுவதையும் இரு இனப் பிள்ளைகளோடும் சேர்ந்து முடித்த முதல் தலைமுறை அவருடையது. அம்மா ஆசிரியை. பையனோ ஆறடிக்கு மேல் உயரம், 100 கிலோ எடை. அந்த உடம்போடு பள்ளியிலேயே எல்லாரையும் முந்தி ஓடும் வேகம்.

அவர் ஆடிய இடம் ரன்னிங் பேக். பந்தைக் கையில் வாங்கி, எதிரணியின் சுவரை உடைத்தோ சுற்றியோ முன்னேறுகிறவர். ஓர் ஓட்டத்துக்கு நான்கு கெஜம் எடுத்தால் நல்ல ஆட்டம் என்பார்கள். டூப்ரி பள்ளியில் சராசரியாக எட்டு கெஜத்துக்கு மேல் எடுத்தார். நான்கு ஆண்டுகளில் 87 முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து டச் டவுன் எடுத்தார். ஜார்ஜியா மாநிலத்தின் ரைட்ஸ்வில் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஹெர்ஷல் வாக்கர் பள்ளிக் காலத்தில் எடுத்த 86 என்ற தேசிய எண்ணிக்கையை அது ஒன்றால் தாண்டியது.

அந்த வெள்ளிக்கிழமைகளில் ஊர் மாறியது என்று உணர்ந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் வில்லி மாரிஸ். மிசிசிப்பியின் யாஸூ நகரில் வளர்ந்து, நியூயார்க்கில் ஹார்ப்பர்ஸ் இதழின் ஆசிரியராக இருந்துவிட்டு, சொந்த மாநிலத்துக்குத் திரும்பியிருந்தவர். மூவர் கொலையால் பெயர் கெட்ட ஊரில், கறுப்பினப் பையன் ஒருவனுக்காக வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் அமர்ந்து குரல் கொடுப்பதன் பொருளைத் தேடி அவர் எழுதிய விரிவான நூல் 1983-ல் வெளியானது. அந்த நூலின் தலைப்பே டூப்ரியைக் கல்லூரிகள் நயந்து அழைத்ததைப் பற்றியது.

நயந்து அழைப்பது என்பது அங்கே தனித் தொழில். 1981-82 குளிர்காலத்தில் நாட்டின் பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பிலடெல்பியாவுக்குப் படையெடுத்தார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் லூஷியஸ் செல்மன் வாரக்கணக்கில் ஊர் மோட்டலிலேயே அறை எடுத்துத் தங்கினார். காலையில் பள்ளி, மாலையில் வீடு, இடையில் உறவினர்கள், சபைப் பாதிரியார்கள், நண்பர்கள் என்று பையனைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் யாராவது ஒரு கல்லூரிக்காரர் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். 17 வயதில் ஒருவனிடம் இத்தனை பெரியவர்கள் கெஞ்சி நிற்கும்போது அவனுக்கு உண்மையை எடுத்துச் சொல்லும் பெரியவர்கள் குறைந்துபோகிறார்கள். எல்லாருக்கும் அவனால் ஆக வேண்டியது ஏதோ ஒன்று இருக்கிறது. 1982 பிப்ரவரியில் அவர் தேர்ந்தெடுத்தது ஓக்லஹோமாவை.

கையொப்பம் இடும்வரை பையன் கை ஓங்கியிருக்கிறது. இட்ட மறுநிமிடம் அந்தச் சமன்பாடு தலைகீழாகிறது. 1973 முதல் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே தரப்பட்டது. அடுத்த ஆண்டு புதுப்பிப்பதா வேண்டாமா என்பது பயிற்சியாளரின் விருப்பம். பல ஆண்டுகளுக்கான உதவித்தொகை தர மறுபடி அனுமதி வந்தது 2012-ல்தான். சம்பளம் கிடையாது, தன் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற உரிமை கிடையாது. வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு களத்துக்கு வெளியே உட்கார வேண்டும்.

பதினேழு ஓட்டங்கள்

ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளர் பேரி சுவிட்சர் அதற்கு முன்பே இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றவர். விஷ்போன் என்ற ஓட்ட உத்தியில் புகழ் பெற்றவர். முதலாண்டு மாணவனுக்காக அவர் பருவத்தின் நடுவில் அந்த உத்தியையே ஒதுக்கிவைத்து, டூப்ரிக்கு ஏற்ற வேறு வரிசை அமைப்புக்கு மாறினார். 18 வயதுப் பையனின் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. வழக்கமான பருவத்தில் டூப்ரி எடுத்தது 905 கெஜம்.

1983 ஜனவரி 1-ல் அரிசோனாவின் டெம்பி நகரில், பருவ முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பவுல் ஆட்டம். எதிரணி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். டூப்ரி பந்தைச் சுமந்தது 17 முறை மட்டுமே. ஓடியது 239 கெஜம். ஓட்டத்துக்குச் சராசரி 14 கெஜம். நடுநடுவே தசைவலியும் மூச்சிரைப்புமாக வெளியே வந்து உட்கார்ந்தார், திரும்பப் போனார், மறுபடி நீண்ட ஓட்டம் எடுத்தார், மறுபடி பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கப்பட்டார். ஓக்லஹோமா 21-க்கு 32 என்று தோற்றது.

தோல்விக்குப் பின் சுவிட்சர் பத்திரிகையாளர்களிடம் டூப்ரியைக் குறைசொன்னார். உடல் தகுதியோடு வரவில்லை, எடை கூடியிருக்கிறது, சரியாக இருந்திருந்தால் இன்னும் அதிகம் ஓடியிருப்பான் என்பது அவர் பேச்சின் சாரம். விளையாட்டுக் கணக்கில் அது தவறான மதிப்பீடாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அதுவரை நாடு முழுவதும் கெஞ்சி அழைக்கப்பட்ட ஒரு பையன், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தை ஆடிய நாளில், ஊரறியப் பெற்ற முதல் கண்டிப்பு அது. இருவருக்கும் இடையே அன்று விழுந்த விரிசல் மூடவே இல்லை. டூப்ரியைத் தான் கையாண்ட விதம் சரியில்லை என்று சுவிட்சரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

1983 அக்டோபரில் டெக்சஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. ஊருக்குப் போன டூப்ரி ஓக்லஹோமாவுக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு அருகில் இருந்த சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாறுதல் விதி குறுக்கே நின்றது. களமிறங்க நீண்ட காலம் காத்திருக்க வேண்டும் என்றானது. என்.எஃப்.எல். கதவும் சாத்தியிருந்தது, ஏனென்றால் பள்ளியில் உடன் படித்தவர்கள் கல்லூரி முடிக்கும்வரை ஒருவரை அந்த லீக் சேர்த்துக்கொள்ளாது. கல்லூரியில் ஆட விதி இல்லை, தொழிலில் ஆட விதி இல்லை. 19 வயதில், உடம்பு உச்சத்தில் இருக்கும்போது, சட்டப்படி அவருக்கு ஆட இடமே இல்லாமல் போயிற்று.

திறந்திருந்தது ஒரே ஒரு வாசல். 1983-ல் புதிதாகத் தொடங்கியிருந்த யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீக், ஹெர்ஷல் வாக்கரைக் கல்லூரி முடிக்கும் முன்பே சேர்த்துக்கொண்டிருந்தது. 1984-ல் அந்த லீகின் நியூ ஆர்லியன்ஸ் பிரேக்கர்ஸ் அணி டூப்ரியை எடுத்தது. ஐந்து ஆண்டு, 60 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. முதல் பருவத்தில் 684 கெஜம், 9 டச் டவுன்கள். 1985-ல் அணி போர்ட்லாண்ட் நகருக்கு மாறியது. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்கால் நொறுங்கியது. வயது 20. அந்தப் பருவத்தோடு அணியும் கலைந்தது. அடுத்த ஆண்டு லீகே இல்லாமல் போனது.

1986 டிராஃப்டின் 12-ஆவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவர் பெயரைச் சொன்னது. அந்த முழங்காலோடு ஆட முடியவில்லை. ஐந்து ஆண்டு ஆட்டமே இல்லை. பிறகு எடையைக் குறைத்து, தசையைத் திரும்பக் கட்டி, 1990-ல் ராம்ஸ் அணிக்குள் நுழைந்தார். இரண்டு பருவங்களில் 15 ஆட்டங்கள், 68 ஓட்டங்கள், 251 கெஜம், ஒரு டச் டவுன். 1992 பருவம் தொடங்கும் முன் அணி அவரை விடுவித்தது. 18 வயதில் 17 ஓட்டங்களில் 239 கெஜம் எடுத்தவர், தன் என்.எஃப்.எல். வாழ்க்கை முழுவதிலும் அதைவிட 12 கெஜம்தான் கூடுதலாக எடுத்தார்.

2010-ல் ஜானதன் ஹாக் இயக்கிய ஆவணப்படம் அவரை மறுபடி பேசவைத்தது. அதில் வரும் டூப்ரி லாரி ஓட்டிப் பிழைக்கிறார், யார்மீதும் பெரிய கசப்பு இல்லாமல் பேசுகிறார். ஆனாலும் ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் சிதைந்த முழங்காலைத் திரட்டி, உலகின் கடினமான லீகுக்குள் நுழைந்து காட்டிய ஒருவரைப் பற்றி உழைப்பில்லாதவர் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 18 வயதில் அவரிடம் குறைவாக இருந்தது உழைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அது வளர்வதற்கு அவகாசம் கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

அதே மண்ணிலிருந்து இருவர்

மிசிசிப்பியின் கொலம்பியா நகரில் வளர்ந்த வால்டர் பேட்டன், பள்ளியில் முதலில் சேர்ந்தது இசைக்குழுவில். அண்ணன் அணியில் ஆடியதால் தம்பி கால்பந்துக்குத் தாமதமாகவே வந்தார். 1970-ல் கறுப்பினப் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் ஒன்றாக்கப்பட்டபோது அந்த இணைந்த அணியின் நட்சத்திரம் அவர்தான். இருந்தும் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அண்ணன் வழியே சேர்ந்தார். 1975-ல் சிகாகோ பியர்ஸ் அணி அவரை நான்காவது ஆளாக எடுத்தது. 13 பருவங்களில் அவர் ஓடிய 16,726 கெஜம் 2002 வரை யாராலும் தாண்டப்படவில்லை. பின்னாளில் டூப்ரியை மறுபடி ஆட வரச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

ஜெரி ரைஸ் கிராஃபர்ட் என்ற மிகச் சிறிய ஊரில் கொத்தனாரின் மகன். கோடை விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போவார். சாரத்தின் மேல் நிற்கும் அவரிடம் அண்ணன்மார் கீழேயிருந்து செங்கற்களை வீசுவார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்குவார். பந்து பிடிக்கும் தன் கைகள் அங்கேதான் பழகின என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளியில் வகுப்பைத் தவிர்த்துத் திரிந்த ஒரு நாளில் துணைத் தலைமையாசிரியரைக் கண்டு அவர் எடுத்த ஓட்டம்தான் அவரைக் கால்பந்துப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய கல்லூரிகள் எதுவும் உதவித்தொகை தரவில்லை. இட்டா பெனா ஊரிலுள்ள மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி அங்கே பந்து வீசி ஆடும் துணிச்சலான உத்தியை வகுத்தார். 1984 பருவத்தில் மட்டும் ரைஸ் பிடித்த டச் டவுன்கள் 27. 1985-ல் 16-ஆவது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போய், 20 பருவங்கள் ஆடி, பந்து பிடித்து எடுத்த 22,895 கெஜத்தோடு ஓய்வு பெற்றார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது.

பேட்டனும் ரைஸும் டூப்ரியைவிட நல்லவர்கள், அதனால் வென்றார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. இருவரையும் பெரிய கல்லூரிகள் ஒதுக்கியது இனத்தாலும் வறுமையாலும் நேர்ந்த அநீதி; அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒதுக்கலின் விளைவாக இருவருக்கும் கிடைத்தது நான்கு ஆண்டுகள் முழுதாக வளரும் அவகாசம். வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கல்லூரி, நாட்டின் கேமராக்கள் எட்டாத களம், சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த பயிற்சியாளர்கள். 18 வயதில் யாரும் அவர்களுக்கு உலகத்தை வாக்களிக்கவில்லை. 22 வயதில் தொழிலுக்குள் நுழைந்தபோது உடம்பும் மனமும் அதற்குத் தயாராக இருந்தன.

விதியை எழுதியவர்கள்

என்.எஃப்.எல். தன் வயது வரம்பை வகுத்த கதை 1925-ல் தொடங்குகிறது. இலினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச், தன் கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு சிகாகோ பியர்ஸ் அணியில் சேர்ந்து பெரும் பணம் ஈட்டினார். கல்லூரிகள் கொதித்தன. உடன் படித்தவர்கள் பட்டம் பெறும்வரை எந்த மாணவனையும் சேர்க்க மாட்டோம் என்று 1926-ல் லீக் விதி செய்தது. 1990 முதல் அது பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் என்று தளர்ந்தது.

அந்த விதியை நேரடியாக எதிர்த்தவர் ஒஹாயோவின் வாரன் நகரப் பள்ளி நாயகன் மாரிஸ் கிளாரட். முதலாண்டு மாணவராக ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஆடி, 2003 ஜனவரி 3-ல் தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் வெற்றி டச் டவுனை அடித்தார். அதுவும் ஃபியஸ்டா பவுல்தான், டூப்ரி ஓடிய அதே டெம்பி மைதானம்தான், இருபது ஆண்டு இடைவெளியில். அடுத்த பருவத்தில் கல்லூரி அவரை ஆடவிடாமல் நிறுத்தியது. என்.எஃப்.எல். டிராஃப்டில் இடம் கேட்டு வழக்குப் போட்டார். 2004 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி ஷிரா ஷெய்ண்ட்லின் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற சோனியா சோட்டோமயார்.

அவர் சொன்ன காரணம்: யாரைச் சேர்ப்பது என்பது அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் கூட்டுப் பேரத்தில் முடிவு செய்ய வேண்டியது, ஏகபோகத் தடைச் சட்டத்தை வைத்து வெளியிலிருந்து ஒருவர் அதை உடைக்க முடியாது. சட்டத்தின் பார்வையில் இது நேரான வாதம். பையனின் பார்வையில் நிலைமை வேறு. அவன் வாழ்க்கையைக் கட்டும் விதியை, அவன் உறுப்பினராக இல்லாத சங்கமும் அவனுக்கு இன்னும் வேலை கொடுக்காத முதலாளிகளும் பேசி முடிக்கிறார்கள். கிளாரட் இரண்டு பருவங்கள் ஆடாமல் இருந்து, 2005-ல் டென்வர் அணிக்குத் தேர்வாகி, ஓர் என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாமல் வெளியேற்றப்பட்டார்.

கல்லூரிப் பக்கத்தில் மாற்றம் தாமதமாக, ஆனால் வேகமாக வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமித்த குரலில் என்.சி.ஏ.ஏ.-வின் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. முதல்முறை கல்லூரி மாறுகிறவர்கள் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டே போனது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு சுமார் இரண்டு கோடி டாலர்வரை நேரடியாகப் பங்கு தரலாம்.

இந்த மாற்றத்தின் எடையை ஒரு பையனை வைத்துப் பார்க்கலாம். டெக்சஸின் சவுத்லேக் பள்ளியில் ஆடிய க்வின் யூவர்ஸ், தன் தலைமுறையில் மிக உயர்ந்த மதிப்பீடு பெற்ற பள்ளி வீரர்களில் ஒருவர். பள்ளி மாணவர்கள் விளம்பர வருமானம் பெற டெக்சஸ் அனுமதிக்காததால், 2021-ல் பள்ளியின் கடைசி ஆண்டைத் தவிர்த்து ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆட வாய்ப்பு வரவில்லை. சில மாதங்களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், தண்டனை ஏதுமின்றி அடுத்த பருவமே களமிறங்கினார், அணியை இரண்டு முறை தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2025 டிராஃப்டில் அவர் பெயர் ஏழாவது சுற்றில், 231-ஆவதாகத்தான் வந்தது. பள்ளி மதிப்பீடு அவரையும் ஏமாற்றியது. ஆனால் டூப்ரியைப் போலத் தவறான கல்லூரியைத் தேர்ந்த குற்றத்துக்காக அவர் ஆட்டத்தையே இழக்கவில்லை.

விதி மாற்றாத ஒன்று

உடம்பு சந்திக்கும் ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் மூளைச் சிதைவு நோயை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மக்கீ குழு, தானமாகக் கிடைத்த மூளைகளைப் பரிசோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டது. என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரில் 110 பேருக்கும், கல்லூரி அளவில் ஆடிய 53 பேரில் 48 பேருக்கும், பள்ளியோடு நின்றவர்கள் 14 பேரில் 3 பேருக்கும் அந்த நோய் இருந்தது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்வதால் இந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொருத்த முடியாது. ஆனால் நோய் பள்ளி மைதானத்திலேயே தொடங்கக்கூடும் என்பதை மறுக்கவும் முடியாது.

2024 ஆகஸ்ட் முதல் உயர்மட்டக் கல்லூரிகள், விளையாட்டில் அடைந்த காயங்களுக்கு மாணவர் வெளியேறிய பின்னும் இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று விதி வந்துள்ளது. நல்ல தொடக்கம். மூட்டும் மூளையும் தரும் தொல்லைகளோ இரண்டு ஆண்டில் முடிகிறவை அல்ல, பல நேரம் இருபது ஆண்டு கழித்துத் தொடங்குகிறவை. கல்லூரிவரை போகாத 93 சதவீதப் பள்ளி வீரர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

தீர்ப்பு

டூப்ரியின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக வீணான திறமை என்று முடிப்பார்கள். வீணாக்கியது யார் என்பதை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். எடை கூடியதும், யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போனதும் அவர் பொறுப்பு. 18 வயதுப் பையனை ஊரறியக் கண்டித்தது பயிற்சியாளரின் பொறுப்பு. கல்லூரி மாறியவனைத் தண்டித்ததும், ஆண்டுக்கு ஆண்டு உதவித்தொகையை நீட்டியும் மடக்கியும் வைத்திருந்ததும், தொழில் கதவை வயது சொல்லிச் சாத்தியதும் அமைப்பின் பொறுப்பு. மூன்றில் பெரியது கடைசியில் சொன்னதுதான். அதற்குச் சான்று, கல்லூரி விதிகளைப் பின்னாளில் நீதிமன்றங்களும் கல்லூரிகளுமே ஒவ்வொன்றாகக் கைவிட்டிருப்பதும், லீக் தன் வயது வரம்பைத் தளர்த்தியிருப்பதும்.

பணம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடாது. 17 வயதில் லட்சக்கணக்கான டாலர் பேரம் பேசப்படும் பையனைச் சுற்றி இன்றைக்கு அன்றைவிட அதிகமான பெரியவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் அவனால் லாபம் இல்லாதவர் ஒருவராவது இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட லீகையோ கல்லூரியையோ சாராத ஆலோசகர், ஆட்டம் முடிந்தாலும் பட்டம்வரை தொடரும் படிப்புச் செலவு, காயம் தொந்தரவு தரும்வரை நீடிக்கும் மருத்துவக் காப்பு ஆகிய மூன்றும் பள்ளி நாயகனுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவில் கைதட்டும் ஊரும், அவனை வைத்துச் சம்பாதிக்கும் கல்லூரியும் லீகும் இந்தக் கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவை.